அழற்சியின் தொடர்வரிசை: கட்டி நசிவுக் காரணியும் மூட்டுத் திசு ஆய்வும் (1975–1994)

முன்னுரை

அழற்சியுற்ற திசுவில் உயிரணுக்கள் தம்முள் செய்தி உணர்த்தச் சுரக்கும் புரதங்கள் சைட்டோகைன்கள் எனப்படும். ஒரு சைட்டோகைன் மற்றொன்றைச் சுரக்கத் தூண்டும் என்னும் கருத்து முடக்குவாத மருத்துவத்தின் போக்கை மாற்றியது. அதற்கு வித்திட்ட மூட்டுத் திசு ஆய்வின் வரலாற்று இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரு மூலக்கூறு, இரு பெயர்கள்

1975இல் நியூயார்க்கில் லாயிட் ஓல்டு குழுவினர், பி.சி.ஜி. நுண்ணுயிரி செலுத்தப்பட்ட எலிகளுக்குப் பாக்டீரிய நச்சைக் கொடுத்தனர். அவற்றின் குருதிநீரில் புற்றுக்கட்டியை நசிக்கச் செய்யும் பொருள் தோன்றியது. அதுவே கட்டி நசிவுக் காரணி எனப் பெயர் பெற்றது. ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் புரூஸ் பாய்ட்லர், ஆந்தனி செராமி ஆகியோர் நோயுற்ற உடலை மெலியச் செய்யும் ‘கேக்கெக்டின்’ என்னும் பொருளை ஆராய்ந்து, அதுவும் இக்காரணியும் ஒன்றே என 1985இல் காட்டினர். கட்டியை அழிக்கும் மூலக்கூறே உடலையும் வருத்தும் என்பது தெளிவாயிற்று.

வரிசையைக் கண்ட ஆய்வு

முடக்குவாத மூட்டில் பல சைட்டோகைன்கள் ஒருங்கே காணப்பட்டன. ஒத்த செயலுடையவை பல இருக்க, ஒன்றை மட்டும் தடுப்பதால் பயன் விளையுமா என்னும் ஐயம் அன்று நிலவியது. லண்டனில் ஃபியோனுலா பிரென்னன், மார்க் ஃபெல்ட்மன், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மெய்னி முதலியோர் நோயாளிகளின் மூட்டுச் சவ்வு உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றில் கட்டி நசிவுக் காரணியை எதிர்ப்பொருளால் முடக்கினர். இண்டர்லியூக்கின்-1 உற்பத்தியும் வெகுவாகக் குறைந்ததை அவர்களது 1989ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது.

இதன் இயங்குமுறை பின்னர் விளங்கியது. இக்காரணி உயிரணுவின் ஏற்பியில் பிணைந்ததும், உள்ளே தடுப்புப் புரதத்தால் கட்டுண்டிருந்த என்.எஃப். கப்பா பி விடுபட்டு, உட்கருவை அடைந்து, பிற சைட்டோகைன்களின் மரபணுக்களை இயக்குகிறது.

நோயாளிகளிடம் சோதனை

1992இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் 20 நோயாளிகளிடம் எதிர்ப்பொருள் சிகிச்சை தொடங்கியது. வலியும் வீக்கமும் தணிந்தன. ஒப்பீட்டுக் குழு இல்லாத அவ்வாய்வின் முடிவை 1994இல் வெளியான ஒப்பீட்டாய்வு உறுதிசெய்தது.

முடிவுரை

திசுவில் உள்ள மூலக்கூறுகளைப் பட்டியலிடுவதால் மட்டும் நோய் விளங்குவதில்லை. எது எதைத் தூண்டுகிறது என்னும் வரிசையை அறிதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்துவது. எனினும் தொடக்கக் கண்ணியைத் தடுப்பதற்கும் விலை உண்டு. உறங்கும் காசநோய்க் கிருமியைத் திசுவுக்குள் அடக்கிவைப்பதும் இக்காரணியே. எனவே இச்சிகிச்சைக்கு முன் காசநோய்ப் பரிசோதனை இன்றியமையாததாயிற்று. காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த பி.சி.ஜி.யின் துணையால் இனங்காணப்பட்ட மூலக்கூறு, அந்நோய்க்கு அரணாகவும் விளங்குவது இங்கு எண்ணத்தக்கது.