தாலியம்: கொழுந்தின் பெயர்

'தாலியம்' என்றதும் தமிழ்க் காது தாலியைத் தேடும். இரண்டுக்கும் உறவே இல்லை. கந்தக அமில ஆலைக் கழிவொன்றை 1861-ல் நிறமாலைமானியில் வைத்துப் பார்த்த வில்லியம் குரூக்ஸுக்கு, யாரும் அறியாத பளிச்சென்ற பச்சைக் கோடு தெரிந்தது. அந்தப் பச்சையை வைத்தே புதுத் தனிமத்துக்குப் பெயரிட்டார். கிரேக்கத்தில் 'தல்லோஸ்' என்றால் பசுந்தளிர். குன்னூர்த் தோட்டத்துப் பேச்சில் கொழுந்து.

அந்தத் தாலியம் இன்று எக்ஸ்ரே எடுக்கும் கருவிக்குள்ளும் இருக்கிறது. நீலகிரிக்கும் எக்ஸ்ரே படத்துக்கும் பழைய உறவு உண்டு. 1960-ல் நிறுவப்பட்டு 1967-ல் உற்பத்தியைத் தொடங்கிய உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் எக்ஸ்ரே பிலிமும் தயாரித்தது. பிலிம் தானாக எக்ஸ் கதிரை மிகக் கொஞ்சமே வாங்கும். அதை ஒட்டி வைத்த ஒளிர்திரை கதிரை ஒளியாக்கும். பிலிமைக் கறுக்க வைப்பது பெரும்பாலும் அந்த ஒளிதான். கால்சியம் டங்ஸ்டேட் திரை நீலமாக ஒளிரும். டெர்பியம் சேர்த்த கடோலினியம் ஆக்சிசல்பைடு பச்சையாக ஒளிரும். நீலத்துக்கான பிலிமைப் பச்சைத் திரையோடு வைத்தால் படம் வெளிறிவிடும்.

அந்த ஆலை இன்று ஓடவில்லை. மருத்துவமனைகளில் பிலிமின் இடத்தை ஒளியை உணரும் சிலிக்கான் பலகை பிடித்துக்கொண்டது. அதன்மேல் பெரும்பாலும் ஊசி ஊசியாக வளர்ந்த சீசியம் அயோடைடு படலம் இருக்கும். தூய சீசியம் அயோடைடு புற ஊதாவில், அதுவும் மங்கலாகத்தான் ஒளிரும். சிறிது சோடியம் சேர்த்தால் 420 நானோமீட்டர் அளவில் நீலம். பழைய இமேஜ் இன்டென்சிஃபையர் குழாய்களுக்கு அது பொருந்தியது. தாலியம் சேர்த்தாலோ ஒளி 550 நானோமீட்டர் அருகே, மஞ்சள் கலந்த பச்சைக்கு நகரும். சிலிக்கானுக்கு வேண்டியது அந்தப் பச்சைதான்.

பெயரில் உள்ள பச்சையே படிகத்திலும் வந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொன்னால் தவறு. குரூக்ஸ் கண்டது சுடரில் தனித்த தாலியம் அணு காட்டிய மெல்லிய கோடு. படிகத்தில் வருவது, அயோடைடுகளுக்கு நடுவே சிக்கிய தாலியம் அயனியின் அகன்ற ஒளிப்பட்டை. சான்று கேட்டால், ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் 1948-ல் அறிமுகப்படுத்திய சோடியம் அயோடைடு படிகம் இருக்கிறது. அதிலும் தாலியமே, ஒளியோ நீலம், 415 நானோமீட்டர். சேர்க்கும் பொருள் பாதி, ஏற்கும் படிகம் பாதி என இரண்டும் சேர்ந்தே நிறத்தைத் தீர்மானிக்கின்றன.

மலைப் பள்ளிகளின் வேதியியல் ஆசிரியர்கள் இந்தப் பெயரைக் கொழுந்திலிருந்து தொடங்கிச் சொல்லித் தர வேண்டும். தாலியம் கொடிய நஞ்சு என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.