கைபேசிக் கணக்கும் கல்விக் கடமையும்: பெங்களூரு, 2020–21

கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்ட காலத்தில் ஏழைக் குழந்தைகளின் இழப்பு பெரும்பாலும் ‘கருவி இல்லை’ என்ற ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டது. பெங்களூருவில் அரசும் நீதிமன்றமும் எடுத்த முடிவுகளை வைத்துப் பார்த்தால், அந்த அளவுகோல் வறுமையின் பெரும்பகுதியைக் காணத் தவறியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிறு வகுப்புகளின் இணையவழிப் பாடங்களைக் கட்டுப்படுத்திக் கர்நாடக அரசு 2020 ஜூன் 15, 27 ஆகிய நாள்களில் ஆணைகள் பிறப்பித்தது. அவை அரசியலமைப்பின் 21, 21-ஏ பிரிவுகள் தரும் உரிமைகளில் குறுக்கிடுவதாக முதல்நோக்கில் கருதிய உயர் நீதிமன்றம், ஜூலை 8 அன்று அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. இருப்பவரைத் தடுப்பதால் இல்லாதவருக்கு எதுவும் கிடைத்துவிடாது என்பதால் அந்தத் தடை சரியானதே. ஆனால் அதன் பயன் கருவியும் இணைப்பும் உள்ள வீடுகளோடு நின்றது. 21-ஏ பிரிவோ, கல்வியைத் தடுக்காதிருப்பதோடு நில்லாமல், 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அதை வழங்குவதையே அரசின் கடமையாக்குகிறது.

அந்தக் கடமையை நிறைவேற்ற முயன்றது 2020 ஆகஸ்டில் தொடங்கிய ‘வித்யாகம’ திட்டம். ஆசிரியர்கள் குடியிருப்புகளுக்கே சென்று கோயில் திண்ணையிலும் மரத்தடியிலும் பாடம் நடத்தினர். கைபேசி இல்லாதோர், சாதாரணக் கைபேசி உள்ளோர், ஸ்மார்ட்போன் உள்ளோர் என மாணவர்கள் மூன்று பிரிவாக்கப்பட்டனர். தொற்று அச்சம் எழவே அக்டோபரில் திட்டம் நிறுத்தப்பட்டது.

வீட்டில் போன் உண்டா என்பதைக் கேட்ட இந்தப் பகுப்பு, பகலில் அது யார் கையில் இருக்கிறது என்பதைக் கேட்கவில்லை. கர்நாடகம் உட்பட 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 1,400 குழந்தைகளிடம் ழான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் 2021 ஆகஸ்டில் ஆய்வு நடத்தினர். ஸ்மார்ட்போன் உள்ள நகர்ப்புற வீடுகளிலும் 31 விழுக்காட்டுக் குழந்தைகளே இணையவழியில் முறையாகப் படித்துவந்தனர். வேலைக்குப் போகும் பெரியவரோடு போனும் போய்விடுவது காரணங்களுள் ஒன்று. டெலிவரிக்கும் கட்டட வேலைக்கும் போகிறவருக்கு அது பிழைப்புக் கருவி. ஒற்றை அறை வீடு, ரீசார்ஜ் செலவு, சந்தேகம் கேட்க ஆளின்மை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

ஆளுக்கொரு கருவி கொடுத்தால் போதாதா? தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கான 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் படிப்போருக்குக் கருவியும் இணைப்பும் தரும்படி தில்லி உயர் நீதிமன்றம் 2020 செப்டம்பரில் உத்தரவிட்டது. பின்னர் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. கருவி தேவைதான், ஆனால் மேற்கண்ட 31 விழுக்காடு அதன் எல்லையையும் காட்டுகிறது. பள்ளி மூடலால் நேர்ந்த இழப்போ பெரிது: கர்நாடகம் உள்ளிட்ட 5 மாநிலங்களின் அரசுப் பள்ளி மாணவர் 16,067 பேரை ஆராய்ந்த அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், அவர்களில் 92 விழுக்காட்டினர் முந்தைய ஆண்டு பெற்றிருந்த மொழித் திறன்களில் குறைந்தது ஒன்றையாவது இழந்திருந்ததாகக் கண்டது.

இருந்தும், 2021-இல் கர்நாடகம் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளை ஆகஸ்டிலும், 6 முதல் 8 வரை செப்டம்பரிலும், 1 முதல் 5 வரை அக்டோபர் 25 அன்றும் திறந்தது. திரைவழியாகத் தாமே படிக்க இயலாத சிறுவர்களே கடைசிவரை காத்திருந்தனர். அடுத்த நெருக்கடியில் வீடுவீடாகப் போனை எண்ணுவதைவிட, ஒவ்வொரு குழந்தைக்கும் வாரத்தில் எத்தனை மணிநேரம் ஆசிரியர் கிடைக்கிறார் என்பதை எண்ண வேண்டும். எந்த வகுப்பை முதலில் திறப்பது என்பதை அந்தக் கணக்கே தீர்மானிக்கட்டும்.