முதலில் குறிப்பேடு, பிறகு பேரேடு

தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தில் கிராணியார் ஒவ்வொருவரின் எடையையும் முதலில் கையிலுள்ள சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். பிறகே பெரிய செக்ரோலில் ஏற்றுவார். ஏற்றும்போது பாதியில் வேலை தடைப்பட்டாலும், குறிப்பேட்டைப் பார்த்து மீதியை முடித்துவிடலாம். யாருடைய கூலிக்கும் பழுது வராது. இந்த ஒழுங்கைக் கணினி கற்றுக்கொண்ட வரலாற்றை இன்று காண்போம்.

கணினி தன் வட்டைப் பிளாக் எனப்படும் சிறு பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. வட்டில் எழுதுவது மெதுவான வேலை. ஆகவே பிளாக்கின் நகலை நினைவகத்தில் வைத்துத் திருத்திவிட்டு, பின்னரே வட்டில் எழுதுகிறது. இங்கேதான் ஆபத்து இருக்கிறது. மின்சாரம் நின்றால் நினைவகத்தில் உள்ளது அழிந்துபோகும். ஒரு புதிய கோப்பை உண்டாக்கவே பெயர்ப் பட்டியல், இடக் கணக்கு என்று பல பிளாக்குகளை மாற்ற வேண்டும். அவற்றில் ஒன்று எழுதப்பட்டு மற்றொன்று விடுபட்டால் கணக்கு முரண்படும்.

லினக்ஸில் 1993இல் வந்த எக்ஸ்ட்2 என்னும் கோப்பு முறை, இப்படித் தடைப்பட்டால் வட்டு முழுவதையும் சோதிக்க வேண்டியிருந்தது. வட்டுகள் பெருகப் பெருகச் சோதனை நேரமும் நீண்டது.

இதற்கு மருந்து தரவுத்தளங்களில் முன்னரே இருந்தது. மாற்றத்தை முதலில் குறிப்பேட்டில் எழுதும் அந்த வழியை, 1987இல் ராபர்ட் ஹாக்மன் ஜெராக்ஸ் நிறுவனத்தின் சீடார் கோப்பு முறையில் கையாண்டார். 1990இல் ஐபிஎம் நிறுவனமும் தன் ஏஐஎக்ஸ் முறைமையில் அதைச் சேர்த்தது. 1998இல் ஸ்டீபன் ட்வீடி, எக்ஸ்ட்2 முறைக்குக் குறிப்பேடு சேர்க்கும் தம் திட்டத்தை விளக்கினார். அதுவே எக்ஸ்ட்3 ஆகி, 2001 நவம்பரில் லினக்ஸ் 2.4.15 பதிப்பில் இடம்பெற்றது.

குறிப்பேடு வைத்தால் மட்டும் போதுமா? போதாது. ஒவ்வொரு நகலும் எந்த நிலையில் உள்ளது என்பதையும் கணினி அறிந்திருக்க வேண்டும். திருத்தப்பட்டும் குறிப்பேட்டில் ஏறாத நகலை அதன் சொந்த இடத்தில் எழுதக்கூடாது. ஒரு தொகுப்பு முழுவதும் குறிப்பேட்டில் ஏறி, ‘முடிந்தது’ என்ற முத்திரையும் விழுந்த பின்னரே எழுதலாம். சொந்த இடத்தில் எழுதியான பிறகே குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை மறுபடி பயன்படுத்தலாம். குறிப்பேட்டில் ஏறிக்கொண்டிருக்கும் பிளாக்கை அடுத்த வேலை மாற்ற வந்தால், பழைய வடிவம் தனி நகலாக எடுத்துக் காக்கப்படும். இரண்டு கணக்குகளும் கலந்துவிடக் கூடாதல்லவா?

மின்சாரம் திரும்பியதும் கணினி குறிப்பேட்டைப் புரட்டும். முத்திரை உள்ளதை நிறைவேற்றும், இல்லாததைத் தள்ளிவிடும். வட்டு முழுவதையும் துழாவ வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை நாம் மறக்கலாகாது. எக்ஸ்ட்3 வழக்கமாக 5 வினாடிக்கு ஒருமுறைதான் முத்திரையிடும். கடைசி வினாடிகளின் வேலை போய்விடக்கூடும். மேலும், அதன் வழக்கமான அமைப்பில் குறிப்பேட்டில் ஏறுவது கோப்புகளைப் பற்றிய கணக்கே தவிர, கோப்பில் நாம் எழுதிய சொற்கள் அல்ல. 2008இல் லினக்ஸில் நிலைபெற்ற எக்ஸ்ட்4 முறையும் பெரும்பாலும் இவ்வழியே செல்கிறது.

ஆகவே, கணினியில் பாடம் எழுதும் நம் பிள்ளைகளிடம், அவ்வப்போது சேமித்து வைக்கும்படி சொல்வோம். சேமிக்காத பாடத்தை எந்தக் குறிப்பேடும் மீட்டுத் தராது.