மூன்று நிமிட ராகம்

எம்பி3 பிளேயர் வாங்கிய புதிதில் எல்லோரும் போட்ட கணக்கு ஞாபகம் இருக்கிறதா? 128 கேபிபிஎஸ் என்றால் ஒரு நிமிடப் பாட்டுக்குக் கிட்டத்தட்ட 1 எம்பி. 320-க்குப் போனால் ஓசை தெளியும், ஆனால் இரண்டரை மடங்கு இடம் பிடிக்கும். நான் பிழைக்க வந்த இந்தக் கல்கத்தாவில் இதே பேரம் 1902-லேயே நடந்திருக்கிறது!

அந்த வருஷம் நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பர்க் இங்கே கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பத்து அங்குலத் தட்டில் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். தட்டை மெதுவாகச் சுற்றினால் நேரம் கூடும். ஆனால் பள்ளத்தின் நெளிவுகள் நெருங்கி, மேல் ஓசைகள் மங்கிவிடும். வேகம் அப்படியே இருந்தது, ராகம்தான் சுருங்கியது.

ஆற அமரப் பாட வேண்டியதை மூன்று நிமிடத்தில் அடக்கி, கடைசியில் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பார் கௌஹர் ஜான். தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹானோவரில். பாடியது யார் என்று அங்கே தெரிய வேண்டாமா? சியால்டாவில் தொழிற்சாலை வந்ததே 1908-ல்தான்.

எம்பி3 நறுக்கியது ஓசையை, அன்றைய இசைத்தட்டு நறுக்கியது ஆலாபனையை. எனக்கென்னவோ இரண்டாவதுதான் பெரிய நஷ்டம். (ஆடியோ பிரியர்கள் அடிக்க வராதீர்கள்.)

1948-ல் கொலம்பியாவின் எல்பி வந்தது. மெல்லிய பள்ளம், இரைச்சல் குறைந்த வினைல், பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல். நேரமும் கிடைத்தது, ஓசையும் கெடவில்லை. கௌஹர் ஜான் 1930-லேயே மைசூரில் காலமாகியிருந்தார்.