பள்ளிவாசல் கணினியின் கடிகாரம் சரிதானா? இணைய நேரத்துடன் இணைக்கும் முறை

பாங்கு நேரம், இகாமத் நேரம், சஹர் முடிவு, நோன்பு திறப்பு என எல்லாவற்றையும் திரையில் காட்டும் கணினி இன்று பல மஹல்லாக்களுக்கு வந்துவிட்டது. தொழுகை நேரத்தை எந்த முறைப்படி கணக்கிடுவது என்று நிர்வாகிகள் நெடுநேரம் ஆலோசிக்கிறார்கள். அந்தக் கணக்கை ஓட்டும் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர்களோ குறைவு. அட்டவணை துல்லியமாகவே இருந்தாலும், கடிகாரம் மூன்று நிமிடம் முந்தி ஓடினால் சூரியன் மறையும் முன்பே நோன்பு திறக்கப்படலாம். பிந்தி ஓடினால் சஹர் முடிந்த பிறகும் மக்கள் உண்டுகொண்டிருப்பார்கள். பேணுதலுக்காக அட்டவணையில் சேர்க்கப்படும் ஓரிரு நிமிடங்கள் கடிகாரப் பிழையை ஈடுகட்ட வைக்கப்பட்டவை அல்ல.

கணினிக்குள் இருப்பது சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம்தான். நாளொன்றுக்கு ஓரிரு விநாடி முன்பின் ஆகும். கவனிக்காமல் விட்டால் சில மாதங்களில் அதுவே நிமிடங்களாகிவிடும். இதைத் திருத்த அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் வகுத்த என்டிபி என்னும் நெறிமுறை 1985 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் கணினி ஒரு நேர சர்வருக்குச் சிறு செய்தி அனுப்பும். செய்தி புறப்பட்டது, சர்வரை அடைந்தது, பதில் புறப்பட்டது, வந்து சேர்ந்தது ஆகிய நான்கு நேரங்களையும் ஒப்பிட்டு, வழியில் கழிந்த நேரத்தை நீக்கிவிட்டு, தன் பிழை எவ்வளவு என்று கண்டுகொள்ளும்.

முற்காலத்தில் பெரிய பள்ளிவாசல்களில் வக்து கணிப்பதற்கென்றே முவக்கித் என்ற பொறுப்பாளர் இருந்தார். 14ஆம் நூற்றாண்டின் வானியல் அறிஞர் இப்னுஷ் ஷாதிர், டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலில் அந்தப் பொறுப்பில் இருந்தவர்தான். இன்று இந்திய நேரத்தைப் பேணுவது புதுடெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் அணுக் கடிகாரங்களின் நேரத்தை டைம்.என்பிஎல்இந்தியா.ஓஆர்ஜி என்ற முகவரியில் எவரும் பெறலாம்.

விண்டோஸ் கணினியில் முதலில் பார்க்க வேண்டியது நேர மண்டலம். செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதில் 'டேட் அண்ட் டைம்' பகுதிக்குச் சென்று, சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி என்றிருக்கும் வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சர்வர் உலகப் பொது நேரத்தை மட்டுமே தரும். அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்வது நம் கணினியின் வேலை. ஆகவே நேரம் சரியாக ஐந்தரை மணி தள்ளி நின்றால் சர்வரைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்து, நேரத்தைத் தானாக அமைக்கும் பொத்தானை இயக்கி, 'சிங்க் நவ்' அழுத்தினால் போதும். மைக்ரோசாஃப்ட் சர்வருக்குப் பதிலாக டெல்லி சர்வரை வைக்க விரும்புவோர், கன்ட்ரோல் பேனலில் 'டேட் அண்ட் டைம்' திறந்து, 'இன்டர்நெட் டைம்' பக்கத்தில் முகவரியை மாற்றலாம். கடைசியாக எப்போது நேரம் திருத்தப்பட்டது என்பதும் அங்கேயே தெரியும்.

சில கணினிகள் எத்தனை முறை அழுத்தினாலும் மறுக்கும். பெரும்பாலும் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். வித்தியாசம் மிக அதிகமானால் விண்டோஸ் தானாகத் திருத்தாது. பேட்டரியை மாற்றி, தேதியையும் நேரத்தையும் கையால் ஓரளவு சரியாக வைத்த பிறகு மீண்டும் முயல வேண்டும். அப்போதும் இணையாவிட்டால், ஃபயர்வாலில் யுடிபி 123ஆம் போர்ட் அடைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நேரப் பலகைக்கு ராஸ்பெரி பை வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நான்காம் மாடல் வரை அதில் பேட்டரிக் கடிகாரமே கிடையாது. மின்சாரம் போய் வந்ததும், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். இணையம் வரும்வரை பலகை காட்டுவது தவறான நேரம். ஆனால் பார்ப்பவருக்கு அது தெரியாது. டிஎஸ்3231 என்னும் சிறு கடிகாரப் பலகையைப் பொருத்தினால் இந்தச் சிக்கல் தீரும். அதுவரை, மின்தடைக்குப் பிறகு பாங்கு சொல்லுமுன் கைப்பேசி நேரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கும்படி மோதினாரிடம் சொல்லி வைப்போம்.