புதுக்கோட்டை மாவட்டத்தில் வலசைப் பறவைகளின் வாழிடக் கணிப்பு

வலசை வரும் பறவைகள் எந்த நீர்நிலையில், எந்த மாதத்தில், எதற்காகத் தங்குகின்றன என்பதை வரைபடமாக்கி, வரும் பருவத்துக்கு முன்கூட்டியே உரைப்பது வாழிடக் கணிப்பு. புதுக்கோட்டை மாவட்டம் மத்திய ஆசிய வலசைப் பாதையில் இருக்கிறது. அதன் உட்பகுதியில் ஆயிரக்கணக்கான கண்மாய்களும் ஏந்தல்களும் உள்ளன. கிழக்கே கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் வழியே பாக் நீரிணைக் கரை நீள்கிறது. முத்துக்குடாவில் அலையாத்திக் காடும் சேற்றுவெளியும் உண்டு.

நீர்ப்பறவைகளை இம்மண் நெடுங்காலமாக அறியும். சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளமும் மீன்களும் பறவைகளும் ஒன்றாகத் தீட்டப்பட்டுள்ளன. ஆனால் பறவை எங்கிருந்து வந்தது என்று ஆராய வளையமிடும் முறை வரவேண்டியிருந்தது. டென்மார்க்கின் மோர்டென்சன் 1899-இல் எண் பொறித்த உலோக வளையங்களைப் பறவைக் கால்களில் மாட்டினார். இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1920-களின் பிற்பகுதியில் இப்பணியைத் தொடங்கியது. 1957-இல் மைசூர் மாநிலத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குக் காய்ச்சல் பரவியது. அதன் உண்ணிகளை வலசைப் பறவைகள் கொண்டுவந்திருக்குமோ என்ற ஐயத்தால், உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் பறவையியலாளர் சாலிம் அலி வளையமிடும் பணியை விரிவாக்கினார். அப்பணி 1960-களின் இறுதியில் கோடியக்கரைக்கு வந்தது. சைபீரியத் துந்திரப் பகுதியில் முட்டையிடும் கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் அங்கே ஆயிரக்கணக்கில் வளையமிடப்பட்டன. கோடியக்கரை 1967-இல் சரணாலயமாகவும், 2002-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அதாவது ராம்சார் தலமாகவும் ஆனது. அந்தத் தலத்தின் எல்லை தஞ்சாவூர் மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குத் தெற்கே தொடரும் புதுக்கோட்டைக் கரை, பறவைகளுக்கு அதே கடலோரத்தின் தொடர்ச்சிதான். ஆய்வாளர்களின் கண்தான் இங்கே குறைவாகப் பட்டது.

வளையம் பறவையின் பயணத்தின் இரு முனைகளைச் சொல்லும்; இடையில் அது எங்கே இரை தேடியது என்று சொல்லாது. அந்த இடைவெளியைச் செயற்கைக்கோள் படங்களும் திரளான நேரடிப் பதிவுகளும் நிரப்பத் தொடங்கின. 2002-இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தொடங்கிய இ-பேர்ட் தளத்தில் இன்று எவரும் தாம் கண்ட பறவையை நாள், இடத்தோடு பதியலாம். பறவை காணப்பட்ட இடங்களின் நீர், மழை, தாவர நிலையைக் கொண்டு, அதுபோன்ற பிற இடங்களைத் தேடித்தரும் மேக்ஸென்ட் என்ற கணிப்புமுறை 2000-களின் நடுவில் பரவலானது. 2015-இல் ஏவப்பட்ட சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்களில் 10 மீட்டர் அளவுள்ள நீர்த்திட்டையும் பிரித்தறியலாம்.

இக்கருவிகளைப் புதுக்கோட்டையில் அப்படியே பொருத்தினால் பிழை வரும். இங்குள்ள கண்மாய் ஆண்டு முழுவதும் ஒரே வாழிடமாக இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டி வரத்துவாரிகள் நீரைக் கொண்டுவந்து சேர்க்கும்போது, பரந்த நீர்ப்பரப்பு ஊசிவால் வாத்துக்கும் நீலச்சிறகிக்கும் உரியது. தை பிறந்த பின் வயலுக்கு மடை திறக்கத் திறக்க, கரைக்கு எதிர்ப்புறம் உள்ள மேடான பகுதியிலிருந்து நீர் பின்வாங்கும். நீர் விட்ட இடத்தில் ஈரச்சேறு நாள்தோறும் ஒரு புதுப் பட்டையாக வெளிப்படும். அந்தப் பட்டையின் ஓரமாகவே பொறி உள்ளான் வாலை ஆட்டியபடி புழு கொத்திக்கொண்டு நடக்கும். நீளக் காலுடைய கருவால் மூக்கன் சற்று உள்ளே நின்று அலகை முழுதாகச் சேற்றில் செருகும். சேறு காய்ந்து வெடித்தால் இரண்டும் இடம் மாறிவிடும். 1987 முதல் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியை மையமாகக் கொண்டது. அந்த ஒரே எண்ணிக்கையை வைத்து இங்குள்ள கண்மாயை மதிப்பிட்டால், மழை நன்றாகப் பெய்த ஆண்டில் உள்ளான்களுக்கு அது உதவாத இடம் என்றே தோன்றும்.

தைலமரக் காடுகளும் தூர்ந்த வரத்துவாரிகளும் கண்மாய்க்கு வரும் நீரைக் குறைக்கின்றன. உள்வாயில் மண்டிய சீமைக்கருவேலம், உள்ளான்களுக்கு வேண்டிய திறந்த சேற்றுவெளியை மூடிவிடுகிறது. மேலிருந்து எடுத்த படத்தில் அது வெறும் பசுமையாகத்தான் தெரியும். ஆகவே இம்மாவட்டத்துக்கான வரைபடத்தில் இடத்தோடு காலமும் குறிக்கப்பட வேண்டும். மடை திறந்த நாளையும் தண்ணீர் வற்றிய நாளையும் ஆயக்கட்டு விவசாயிகள் அறிவார்கள். கவிநாடு கண்மாய் போன்ற பெரிய ஏரியாகட்டும், ஊர் ஓரத்து ஏந்தலாகட்டும், புரட்டாசி முதல் சித்திரை வரை மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று பறவைகளை எண்ணி, நீர்மட்டத்தையும் சேர்த்துப் பதிவு செய்ய உள்ளூர்ப் பள்ளிகளும் இயற்கை ஆர்வலர்களும் முன்வர வேண்டும்.