ஈரலில் புழு, பித்தநாளத்தில் புற்று: ஒரு காரணம் மெய்ப்பிக்கப்பட்ட வரலாறு (1874–2009)

முன்னுரை

வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற, திருப்பூரை அடுத்த ஊத்துக்குளி வட்டாரத்தில் எருமையும் ஆடும் வளர்ப்போருக்கு ஈரலில் வாழும் தட்டைப்புழு புதிய செய்தியன்று. குட்டையோரப் புல்லை மேயும் கால்நடைகளின் பித்தநாளங்களில் தங்கி, மெலிவையும் சோகையையும் தாடை வீக்கத்தையும் தரும் ஃபேசியோலா இனம் அது. மனிதப் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் அதற்கு இடமில்லை. ஆனால் அதன் உறவினங்கள் இரண்டு, உறுதியான காரணிகளுக்குரிய அப்பட்டியலின் முதல் வகுப்பில் உள்ளன. ஓர் உறுப்பில் புழு இருப்பது வேறு. அப்புழு புற்றுக்கு ஏதுவாவது வேறு. இந்த இடைவெளியை மருத்துவ அறிவியல் கடந்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்கத்தாவில் தொடக்கம்

1874 செப்டம்பரில் கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சுமார் 20 வயதுள்ள சீனத் தச்சர் ஒருவர் இறந்தார். உடற்கூறாய்வு செய்த மருத்துவர் மெக்கானல், அவருடைய பித்தநாளங்கள் புழுக்களால் அடைபட்டிருக்கக் கண்டு, 1875இல் லான்செட் இதழில் எழுதினார். பின்னாளில் குளோனார்க்கிஸ் சைனென்சிஸ் என்று பெயர்பெற்ற புழுவின் முதல் பதிவு இதுவே. அக்குறிப்பு புற்றுநோயைப் பற்றியதன்று. புழுவுக்கும் ஈரல் புற்றுக்கும் தொடர்பிருக்கலாம் என்பதை 1900இல் ஜப்பானிய ஆய்வாளர் கட்சுராடா சுட்டினார். நன்னீர் மீனைப் பச்சையாக உண்பதால் தொற்று வருகிறது என்பதை அடுத்து வந்த ஆண்டுகளில் மற்றொரு ஜப்பானிய ஆய்வாளர் கோபயாஷி வெளிப்படுத்தினார்.

அவசர முடிவின் பாடம்

எலிகளின் இரைப்பைப் புற்றுக்குப் புழுவே காரணம் என்று கூறிய டென்மார்க்கின் ஃபிபிகருக்கு 1926ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அவர் கண்ட மாற்றங்களுக்கு உணவில் வைட்டமின் ஏ குறைந்ததே முக்கியக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. அவர் முடிவு நிலைக்கவில்லை. அதே காலத்தில், 1920இல், நியூயார்க்கில் புல்லக், கர்ட்டிஸ் என்ற ஆய்வாளர்கள் பூனையின் நாடாப்புழு முட்டைகளை எலிகளுக்கு ஊட்டி ஈரலில் சார்க்கோமா கட்டிகளை உண்டாக்கினர். இது நிலைபெற்ற சோதனை. எனினும் எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த இயலாது.

சான்றுகள் சேர்ந்த விதம்

1956இல் ஹாங்காங் நோயியலாளர் ஹூ பாவோ-சாங், குளோனார்க்கிஸ் தொற்றோடு சேர்ந்த ஈரல் புற்றுகளை ஆராய்ந்து, அவை பித்தநாளச் சுவரில் தோன்றுவதை விளக்கினார். இந்த வேறுபாடு இன்றியமையாதது. ஈரல் உயிரணுக்களில் தோன்றும் புற்றுக்கு ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், மது, பூஞ்சை பிடித்த கடலையிலும் சோளத்திலும் உருவாகும் அஃப்லாடாக்சின் ஆகியவை காரணம். புழுவோடு தொடர்புடையது பித்தநாளப் புற்றுநோய்.

1978இல் தாய்லாந்தின் தமவிட் ஆய்வுக் குழு, குளோனார்க்கிசின் உறவினமான ஒபிஸ்தார்க்கிஸ் விவெரினி புழுவையும் நைட்ரோசமைன் வேதிப்பொருளையும் வெள்ளெலிகளுக்குச் சேர்த்து அளித்தபோது பித்தநாளப் புற்று உருவாயிற்று. தனித்தனியே அளித்தபோது உருவாகவில்லை. புழு ஆண்டுக்கணக்கில் நாளத்தைப் புண்ணாக்குகிறது. ஓயாத அழற்சியில் உயிரணுக்கள் மீண்டும் மீண்டும் பிரிகின்றன. அந்நிலையில் வேதிப்பொருளின் கேடு நிலைத்துவிடுகிறது. பச்சை மீன் உணவு வழக்கிலுள்ள வடகிழக்குத் தாய்லாந்தின் கோன் கேன் பகுதியில் இப்புற்று உலகிலேயே மிகுந்திருப்பதும் இதனோடு ஒத்துப்போனது. லியோனிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் விவெரினியை முதல் வகுப்பில் சேர்த்தது. குளோனார்க்கிசை அப்போது ஒரு படி கீழே வைத்து, 2009இல்தான் முதல் வகுப்புக்கு உயர்த்தியது.

முடிவுரை

கல்கத்தாவில் கண்ட புழு புற்றுக்காரணி என உறுதிப்பட 135 ஆண்டுகள் சென்றன. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த ஒரு தொழிலாளியின் உடலில் தொடங்கிய வரலாறு இது. ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து வந்தோர் பின்னலாடை தைக்கும் திருப்பூர் வட்டாரம் இதிலிருந்து பெறவேண்டியது அச்சமன்று. இப்புழு மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரே தொற்றாது. நத்தையும் மீனும் கடந்து, வேகாத மீன் வழியாகவே வரும். குழம்பில் நன்கு கொதித்த மீனில் அது பிழைக்காது. ஆனால் உடலில் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது என்பதால், பித்தநாள நோயாளியிடம் முன்பு எங்கே வாழ்ந்தார், என்ன உண்டார் என்று மருத்துவர் கேட்டாக வேண்டும். தொற்றிருந்தால் பிராசிக்வான்டெல் மாத்திரை புழுவை அழிக்கும்.

நம் வட்டாரத்தில் ஈரல் புற்றைத் தடுக்கும் பெரும்பணி ஹெபடைடிஸ் பி பக்கம் இருக்கிறது. குழந்தைகளுக்கான அத்தடுப்பூசி நாடு முழுமைக்கும் விரிந்தது 2011இல்தான். இன்று தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் அதற்கு முன் பிறந்தவர்கள். உள்ளூராயினும் வெளிமாநிலமாயினும் அவர்களுக்குப் பரிசோதனையும் தடுப்பூசியும் கிடைக்கச் செய்வது நிறுவனங்களின் கடமை, அரசின் கடமையும்கூட.